களத்தில் கட்டிய கப்பல்

“பூசணம் புடிச்சிருச்சுங்க மாமா,” என்று மருமகள் ஒரு பிடி காப்பிக்கொட்டையை நீட்டினாள். அந்த வாசத்தில் அப்பாவின் கப்பல் கண்முன் வந்துவிட்டது.

இரண்டாம் உலக யுத்தத்தில் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே பழைய போர்க்கப்பலில் வேலை பார்த்தார்கள். விமானத்திலிருந்து மேல்தட்டைத் துளைத்து விழுந்த குண்டில், கீழே பாய்லர் அறையிலிருந்த சித்தப்பா செத்துப்போனார்.

சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளக்கடை காப்பி எஸ்டேட்டில் கூலிக்குச் சேர்ந்த அப்பா, களத்தில் காயும் கொட்டையை ஒதுக்கி ஒதுக்கி அந்தக் கப்பலின் உருவத்தைப் புதிதாகக் கட்டுவார். பழைய பீரங்கிகளைக் கழற்றி, விமானத்தைச் சுடும் பீரங்கிகள் வைப்பார். பாய்லர் அறைக்கு மேலே மட்டும் கொட்டையைக் குவிப்பார்.

“இங்க ரெட்டைத் தகடு அடிச்சிருந்தா தம்பி பொழச்சிருப்பான்.”

“குமிச்சா காயுமுங்களா?” என்பாள் அம்மா.

ஒருநாள், குவித்த கொட்டை பூசணம் பிடித்துவிட்டதென்று எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டர் திட்டியதும், அப்பா எல்லாவற்றையும் பரப்பிவிட்டார். மறுநாள் அம்மாவே அந்த இடத்தில் குவித்துக்கொண்டிருந்தாள்.

“கேட்டா நாந்தான் குமிச்சேன்னு சொல்லிக்கறேனுங்க,” என்றாள்.

மருமகள் கொட்டையை வீசப் போனாள்.

“இருக்கட்டும் கண்ணு,” என்றேன்.