துணியில் விழுந்த ஈரப்புள்ளிகள்

இது கட்டிவிட்ட கதையல்ல. சங்கரன்கோவிலில், 1951 ஐப்பசியில் தொடங்கியது. பெண் பிள்ளை பெற்றவர்கள் மனசைக் கொஞ்சம் கல்லாக்கிக்கொண்டு படியுங்கள்.

கைலாசநாதன் சர்வே ஆபீஸில் படம் வரைபவர். வெள்ளைக்காரன் காலத்து ஆற்றுப் படுகை வரைபடத்தின் மேல், கஞ்சி போட்ட டிரேசிங் துணியை விரித்து, அடியில் தெரிகிற கோடுகளை மையால் இழுப்பது அவர் வேலை. அந்தத் துணிக்குத் தண்ணீர் ஆகாது. ஒரு சொட்டு பட்டாலும் அந்த இடம் வெளுத்துவிடும். பத்து நாள் பாடு பாழ்.

அன்று வீட்டில் வைத்து வரைந்துகொண்டிருந்தார். எட்டு வயது மகள் வடிவு சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு ஓடிவந்தாள். படத்தில், ஆற்றுக்குப் போகும் தடத்தின் ஓரம் ஒரு சின்ன நீல வட்டம். அதன் மேல் ஈர விரலை வைத்துவிட்டாள்.

"இது என்னதுப்பா?"

"ஈரக் கையை வைக்காதேன்னு எத்தனை மட்டம் சொல்லுதேன்! வெளிய போடி!"

போனாள். திரும்பவில்லை.

சாயங்காலம் ஆற்றில் வெள்ளம். ஆறுதான் கொண்டுபோயிற்று என்றார்கள். தேடப் போனவர்கள் ஒன்றே ஒன்று கேட்டார்கள்.

"அந்தத் தடத்துல கிணறு எதுவும் கெடக்கா, அண்ணாச்சி?"

"இல்ல" என்றார். அந்த நீல வட்டம், ஆபீஸ் பதிவேட்டின்படி தூர்ந்துபோன கிணறு. தூர்ந்ததை வரைவதில்லை. நேரில் போய்ப் பார்க்காமலே விட்டிருந்தார்.

மாசி மாதம். அதே வரைபடத்தின் மேல் புதுத் துணி. மத்தியானம் பன்னிரண்டு பத்து.

டக்...

அடுக்களையில் செம்பு வைக்கும் சத்தம். மனைவி நெல்லையம்மாள் கோவிலுக்குப் போயிருந்தாள். எட்டிப் பார்த்தார். யாருமில்லை. திரும்பி வந்தால், துணியில் ஒரு வெள்ளைப் புள்ளி. சின்ன விரல் அளவு. படத்தில் அவர் வீட்டுத் தெரு இருக்கும் இடத்தில்.

மறுநாள், அதே பன்னிரண்டு பத்து. டக்... இரண்டாவது புள்ளி. ஊருக்கு வெளியே.

மூன்றாம் நாள்... ஆற்றுத் தடத்தில்.

நான்காம் நாள் கதவைச் சாத்திவிட்டுக் கண் கொட்டாமல் உட்கார்ந்தார்.

டக்...

அவர் கண்ணெதிரே துணி நனைந்தது.

விரலைக் காணோம்.

நீல வட்டத்தின் மேல்...

"வையி மக்கா..." என்றார். "எத்தனை விரல் வேணும்னாலும் வையி. அப்பா இனி ஏசமாட்டேன்."

ஆட்களைக் கூட்டிக்கொண்டு அங்கே ஓடினார். கிணறு தூர்ந்திருக்கவில்லை. புதர் மூடிக் கிடந்தது. அடியில் வடிவு இருந்தாள். கண்ணாடி வளையலைப் பார்த்து நெல்லையம்மாள் அடையாளம் சொன்னாள்.

அடக்கம் செய்த மறுநாள், அந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் உச்சிமாகாளி வந்தான்.

"வெள்ளத்துக்குப் பொறவு மூணு நாளும் உச்சி வேளையில, அந்தப் புதருக்குள்ள இருந்து 'அப்பா, அப்பா'ன்னு பிள்ளைச் சத்தம் கேட்டுது அய்யா... பேயின்னு நெனைச்சு, ஆட்டைப் பத்திக்கிட்டு ஓடிட்டேன்."