பின்சீட்டில் பிரதிவாதி

கணியூரில் எங்கள் தோப்புக்குப் போகும் தடத்தில் பெரியப்பா கம்பிவேலி போட்டதும், நேராகச் சென்னை ஐகோர்ட்டில் கேஸ் போடுவது என்று அப்பா முடிவெடுத்தார். வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி நடத்துகிறவர். தையல் லைனில் என்ன தகராறு வந்தாலும் சூப்பர்வைசரைத் தாண்டி எல்லோரும் இவரிடமே வந்து நிற்பார்கள். கோர்ட்டும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

வக்கீல் சிரிக்காமல் விளக்கினார். இந்த மாதிரி வழக்கை முன்சீப் கோர்ட்டில்தான் தொடங்க வேண்டும். தோற்றவர் சப் கோர்ட்டுக்கு அப்பீல் போகலாம். அங்கும் தோற்று, சட்டச் சிக்கல் ஏதாவது மிச்சமிருந்தால்தான் ஐகோர்ட். மாவட்டக் கோர்ட்டிலேயே தொடங்கலாம், ஆனால் அதற்குச் சொத்து பெரிய மதிப்பில் இருக்க வேண்டும். நம் தடம் அந்த அளவுக்கு இல்லை என்றார். அது அப்பாவுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. பனியனுக்கும் முதலில் லைன் செக்கிங், அப்புறம் ஃபைனல் செக்கிங், கடைசியில்தானே வாங்குகிறவனின் பையர் இன்ஸ்பெக்‌ஷன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் சமாதானமானார்.

முதல் வாய்தா அன்று நான் கார் ஓட்டினேன். பஸ் ஸ்டாப்பில் பெரியப்பா வெயிலில் நின்றிருந்தார். அடுத்த தெருக்காரர், அவரும் அதே கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அப்பா அந்தப் பக்கம் திரும்பாமலே, "நிறுத்து கண்ணு" என்றார். பிரதிவாதி பின்சீட்டில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் இருவருக்கும் பேச்சில்லை. டீக்கடையில் மட்டும் அப்பா மூன்று டீ சொன்னார், பெரியப்பாவுக்குச் சர்க்கரை இல்லாமல். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இதே கூத்துதான். இவர்களுக்கெல்லாம் எதற்கு வழக்கு என்று எனக்கு எரிச்சலாக வரும். தீர்ப்பு வந்துவிட்டால் இந்தப் பயணமும் நின்றுவிடுமே என்று பயமாகவும் இருந்தது.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. வேலியும் போனது. அப்பா அடுத்து சப் கோர்ட்டுக்குத் தயாராகக் காத்திருந்தார். அப்பீலுக்கான கெடு முடியப்போகிறது, நோட்டீஸ் வரவில்லை. ஜெயித்த மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் என்னையும் இழுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கே போய், ஏன் அப்பீல் போடவில்லை என்று கேட்டார்.

பெரியப்பா வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எப்படிப் போறது தம்பி? நீதான் செயிச்சுட்டியே. இனி எனக்குக் காரை நிறுத்துவியா?"

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்பீலைப் போடுங்கண்ணா. நான் கூட்டிட்டுப் போறனுங்க."