செவுளைக் காட்டுங்க அண்ணே!

என் ஆன்லைன் வகுப்பு ஒரு மீனால் பிழைத்தது என்றால் நம்புவீர்களா?

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் உட்கார்ந்தபடி, சனிக்கிழமை காலையில் பாலர் பள்ளி ஆசிரியைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பதினோரு மாணவிகள். அதாவது, பதினோரு கறுப்புக் கட்டங்கள். கேமரா மூடியிருக்கும், மைக்கும் மூடியிருக்கும். "கேக்குதா?" என்றால் ஒரு கட்டைவிரல் படம் வரும்.

அவர்களை ஒருவரோடொருவர் பழகவைக்க நானும் என்னென்னவோ செய்தேன். "உங்களைப் பற்றி ஒரு சுவாரசியமான விஷயம் எழுதுங்கள்" என்றேன். முதல் மாணவி 'சமைக்கப் பிடிக்கும்' என்று எழுதினார். மற்ற பத்துப் பேரும்... 'சேம், டீச்சர்'.

போன மாதம் காப்பாரில் இருக்கும் மாணவி விமலாவிடமிருந்து மெசேஜ்: "கோர்ஸ விட்டுடலாம்னு பாக்குறேன் டீச்சர். பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் இல்ல. செவுத்தப் பாத்து உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு."

எனக்கு மனசே விட்டுப்போயிற்று. "இந்த ஒரு வகுப்புக்கு மட்டும் வாங்க" என்று கெஞ்சினேன்.

வந்தார். 'குழந்தைகளைக் கவனிப்பது எப்படி?' என்று நான் ஆரம்பித்த நேரம், மீன் வாங்கப் போயிருந்த பாசாரிலிருந்து அவர் கணவர் வீடியோ காலில் கூப்பிட்டிருக்கிறார். மைக் திறந்திருப்பது விமலாவுக்குத் தெரியவில்லை.

"போன வாரம் மாதிரி பழைய கெம்போங் மீன் வாங்கிட்டு வராதீங்க லா! நாத்தம் தாங்கல!"

"விமலா, மைக்..." என்பதற்குள் செலாயாங் மாணவியின் குரல் — இரண்டு மாதத்தில் முதல் முறை!

"அக்கா, செவுளு சிவப்பா இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க!"

அடுத்து டெங்கில் மாணவி. "கண்ணு கலங்கியிருந்தா வேணாங்க்கா!"

விமலா கேமராவைத் திறந்து, கணவர் தெரியும் போனைத் தூக்கிப் பிடித்தார். அவ்வளவுதான். ஒவ்வொரு கட்டத்திலும் முகம் முளைத்தது. "அண்ணே, செவுளைக் காட்டுங்க!" என்று ஒரே சத்தம். மிரண்டுபோன மனிதர் மீனைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். மூன்று மீன் ஃபெயில். நாலாவது பாஸ். என் ஸ்லைடு பாவம், ஓரமாகக் காத்திருந்தது.

"யாரு விமலா இவ்ளோ பேரு?"

"என் கிளாஸ்மேட்ஸ்ங்க!"

என்ன பெருமை அந்தக் குரலில்!

அறிமுகம் செய்துவைக்க நாம் கேள்வி தயாரிக்கிறோம். மனிதர்களுக்கோ, கூடி நின்று குறை சொல்ல ஒரு மீன் போதும்.

விமலா விலகவில்லை. அடுத்த சனிக்கிழமை வருகையை எண்ணினேன் — பன்னிரண்டு!

பன்னிரண்டாவது கட்டத்தில் அவர் கணவர்... பாசாரில், மீனும் கையுமாக.