மாதா படத்துக்குப் பின்னால்

சிடியை வெளியே எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, இரண்டு பக்கமும் ஊதி, மறுபடி உள்ளே தள்ளுகிறார் சவுரிராயன். இன்று காலையில் இது ஏழாவது முறை. சிடி சுழல்கிறது, திரையில் நொடிகள் ஓடுகின்றன. பாட்டு மட்டும் வரவில்லை.

திண்டிவனத்தில் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் தட்டச்சு செய்து தருபவர். "கிழக்கே பொதுவழி, கமா, மேற்கே அப்பாதுரை மனை, கமா" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் அடிப்பார். அவருடைய கம்ப்யூட்டரில் விசிறி சுற்றத் தொடங்கினால் பல மைல் தள்ளியிருக்கும் கிளியனூரில் தென்னை மட்டை விழும். ஒரு மட்டை விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். சிடி போகும் வாய்க்குக் கீழே வேளாங்கண்ணி மாதா படம் ஒட்டியிருக்கும்.

அந்த சிடியில் இருப்பது, ஓமந்தூர்ப் பக்கத்து மாதா கோயிலில் தவக்காலத்தில் பதினோரு பெண்கள் பாடியது. ஒருத்தி அவர் மனைவி புனிதா. மற்றவர்களுக்கு அரை நொடி முன்னாலேயே ஒவ்வொரு அடியையும் தொடங்கிவிடுவாள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஆறு வருடம்.

"ஃபோன்ல ஒரு அடி பாடேன்னா, 'எஜமானியம்மா தூங்குறாங்க'ன்றா. அந்தம்மா எப்பதான் முழிச்சிக்கினு இருக்குமோ" என்பார் சவுரிராயன்.

போன மாதம் விழுப்புரத்து மெக்கானிக் சீனுவாசன் கம்ப்யூட்டருக்குள் இருந்த போர்டை மாற்றினான். அன்றிலிருந்து சிடி ஊமை. ஸ்பீக்கரில் மற்றதெல்லாம் அலறுகிறது.

"சிடிலேர்ந்து போர்டுக்கு மெல்லிசா ஒரு ஒயரு வரும்ணே. புது போர்டுல அதுக்கு எடமே இல்ல. இப்ப யாருண்ணே சிடி கேக்குறாங்க?" என்று ஃபோனில் முடித்துக்கொண்டான்.

பக்கத்து டீக்கடை வெள்ளையம்மாள் கிளாஸை வைத்துவிட்டுக் குனிந்தாள்.

"காலைலேர்ந்து அத்தப் போட்டு உருட்டிக்கினு இருக்கியே. இன்னாய்யா இது, மாதா படத்துல பள்ளமா தெரியுது?"

"ஏதோ ஓட்டை. தூசி போவுதுன்னு நான்தான் படத்த ஒட்டி மூடினேன்."

"எம் பொண்ணு ரோஜா காதுல மாட்டிக்கினு திரியுதே, அந்த ஒயரு சொருவுற ஓட்ட மாதிரி இல்ல?"

சவுரிராயன் விரலை ஈரமாக்கி, மாதாவை ஓரத்திலிருந்து மெல்ல உரித்து, கிழியாமல் திரையின் மேல்விளிம்பில் ஒட்டினார். செல்ஃபோனிலிருந்து இயர்ஃபோனைப் பிடுங்கி, போர்டின் தயவு தேவைப்படாத, சிடி வாய்க்கே சொந்தமான அந்த ஓட்டையில் சொருகினார். ஒரு முனை அவர் காதுக்குப் போனது.

"கேக்குதாய்யா?"

கையைக் காட்டி அடக்கினார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முனையை அவளிடம் நீட்டினார். பத்திரத்துக்கு வந்தவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

வெள்ளையம்மாள் ஒவ்வொரு அடிக்கும் தலையசைத்தாள். சவுரிராயனின் தலை அவளுக்கு அரை நொடி முன்னாலேயே அசைந்தது.