முதல்வர் அறைக்குப் போன ஒர்க்ஸ்டேஷன்

அந்தப் பெண் வைரஸ் கொண்டுவரவில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் பொய் சொன்னீர்கள்.

பரவை ஊருக்கு அப்பால் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரிக்கு நீங்கள் முதல்வர். அங்கே கணினி லேபைப் பார்த்துக்கொண்டவன் நான். லேபில் முப்பது மெஷின்கள், எதிலும் விண்டோஸ் இல்லை, யுனிக்ஸ் வகையான லினக்ஸ்தான் ஓடும். மாணவர் எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் அவர் சேமிக்கும் ஃபைல் ஒரே ஒரு சர்வருக்குத்தான் போகும். அது பழசாகிப்போனதால் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. கனத்த வேலைக்கென்று செய்த ஒர்க்ஸ்டேஷனா, சாதாரண பிசியா, ஒப்பிட்டு எழுதிக் கொடு என்றீர்கள்.

ஒழுங்காகத்தான் ஒப்பிட்டேன். ஒரு கம்பெனி ஒர்க்ஸ்டேஷனையும், டவுனில் ஒரு கடையில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய பிசியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து இரண்டு வாரம் ஒரே வேலையைக் கொடுத்தேன். வேகத்தில் பிசி ஜெயித்தது. அதை மறைக்காமல் எழுதினேன். மாணவர்கள் உட்காரும் இடத்துக்குப் பிசியே போதும், அங்கே ஒர்க்ஸ்டேஷன் வாங்குவது வெட்டி பந்தா என்றும் எழுதினேன். ஆனால் எல்லாருடைய ஃபைலையும் வைத்திருக்கும் அந்த ஒரு மெஷின் மட்டும் ஒர்க்ஸ்டேஷனாக இருக்கட்டும் என்றேன். காரணம் அதன் மெமரி. அதில் ஒரு எழுத்து பிசகினால் அதுவே கண்டுபிடிக்கும், திருத்தும், இன்ன நேரத்தில் தப்பு நடந்தது என்று குறித்தும் வைக்கும். பிசியின் மெமரிக்குத் தான் தப்பு செய்வதே தெரியாது. கெட்டதையும் நல்லது மாதிரியே டிஸ்கில் எழுதிவிடும்.

நான்கு பக்கம் எழுதினேன். பர்ச்சேஸ் கமிட்டியில் ஒருவரும் படிக்கவில்லை. ஸ்டோர் கீப்பர் இரண்டு பெட்டியையும் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணே, இது அம்மிக்கல்லு மாதிரில்ல கனக்குது. இது சார் ரூமுக்குத்தான்."

எங்கள் பக்கம் இதற்கு ஆர்டர் போட வேண்டியதில்லை. நல்ல நாற்காலி வந்தால் பெரியவர் அறைக்குப் போகும். நல்ல ஏசி வந்தாலும் அங்கேதான். இரண்டு மெஷினும் வாங்கப்பட்டன. ஒர்க்ஸ்டேஷன் தன் வழியே போய்ச் சேர்ந்தது. நான் உங்கள் அறைக்கு வந்து சொன்னேன்.

"சார், அது ஃபைல் வைக்க வாங்குனது."

"என் ரூம்லயும் ஃபைலு இருக்குல்லய்யா" என்றீர்கள்.

அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை. ஒரு வாரத்தில் கூப்பிட்டனுப்பினீர்கள். "மெயில் பாக்க எங்க அமுக்கணும்னே தெரியல. பழைய மாதிரி போட்டுக் குடு." லினக்ஸை அழித்து, வீட்டில் எல்லாரும் வைத்திருக்கும் விண்டோஸைப் போட்டுக் கொடுத்தேன். இரவு பகல் ஓடுவதற்கென்றே செய்த இயந்திரம் விழா அழைப்பிதழில் எழுத்துப் பிழை பார்க்கப் போனது. கடையில் பூட்டிய பிசி சர்வர் ஆனது.

அந்தப் பெண் டி. கல்லுப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து படித்தவள். ஊரைச் சுற்றியிருக்கும் கிணறுகளில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தன் அப்பாவோடு போய் ஒரு வருஷம் அளந்து, அதை வைத்து இறுதியாண்டு புராஜெக்ட் செய்திருந்தாள். ரிவ்யூவுக்கு முதல் நாள் காலையில் ஃபைல் திறக்கவில்லை. பேக்கப்பும் திறக்கவில்லை, அதுவும் சர்வரின் அதே மெமரி வழியாகத்தானே போயிருக்கிறது.

நீங்கள் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "பென் டிரைவ் போட்டியா?"

"போட்டேன் சார்."

லேபில் பென் டிரைவ் போடக் கூடாதென்பது விதி. அவள் கொண்டுவந்த வைரஸ்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்றீர்கள், விசாரணை முடிந்தது. விண்டோஸ் வைரஸ் லினக்ஸில் ஓடாது சார் என்று நான் சொன்னேன். "வைரஸுக்கு அதெல்லாம் தெரியுமா தம்பி?" என்று கேட்டீர்கள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் அப்பா வரவழைக்கப்பட்டு, வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்து, உங்கள் அறை வாசலில் மத்தியானம் வரை நின்றார். அவரை உட்காரச் சொல்ல ஆளில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்வரை நிறுத்தி மெமரியைச் சோதித்தேன். பத்து நிமிஷத்தில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள், ஒவ்வொன்றும் மெமரி செய்த ஒரு தப்பு. போட்டோ எடுத்து, மறுநாள் உங்கள் மேஜையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகவே பார்த்தீர்கள்.

"இத இப்ப சொன்னா, அந்தப் பொட்டி ஏன் இங்க இருக்குன்னு கேப்பாய்ங்க. விடுய்யா."

விட்டேன். அதுதான் நான் செய்த தப்பு, அதை வேறு யார் தலையிலும் கட்ட மாட்டேன். கெட்ட மெமரியைக் கழற்றி வேறு போட்டேன். ஆறு மாதம் கழித்து வேலையையும் விட்டேன். வேலையை விட்டதில் அவளுக்கு என்ன லாபம்?

அவள் முடிந்த மட்டும் மறுபடி அளந்து, மறுபடி எழுதி, ஒரு செமஸ்டர் தள்ளிப் பாஸ் செய்தாள். நீங்கள் கையெழுத்துப் போட்ட நடத்தைச் சான்றிதழில் "விதிமீறலுக்காக எச்சரிக்கப்பட்டவர்" என்று இருக்கிறது. இரண்டு கம்பெனிகளில் அந்த வரியைக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள். இரண்டிலும் வேலை கிடைக்கவில்லை. போன வாரம் எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, அன்னைக்கு என்னதான்ணே நடந்துச்சு? நான்தான் கெடுத்துட்டேனோன்னு இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு."

நடந்ததைச் சொன்னேன். "அப்ப சாருக்குத் தெரியுமாண்ணே?" என்றாள். தெரியும் என்றேன். அப்பாவிடம் சொல்லிவிட்டு வாரேன் என்று வைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் பட்டமளிப்பு விழா. அவள் வருவாள், அவள் அப்பாவும் வருவார். மைக் உங்கள் கையில்தான் இருக்கும். கெட்டது மெமரி என்று தெரிந்த பிறகும் அந்தச் சான்றிதழில் ஏன் அந்த வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள்? அதை எப்போது அடிக்கப் போகிறீர்கள்? உங்கள் அறைக்குள் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். மேடையில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.