இடப்பக்கம் மூன்றாவது இறகு

எங்கள் அக்கா பறவை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு பறவையைக்கூடக் கையில் பிடித்ததில்லை. அவளிடம் வருவதெல்லாம் உறையில் போட்ட இறகுதான். அதைக் கழுவி, துணுக்காக நறுக்கி, எடை போட்டு, கடுகளவு தகரச் சிமிழில் மடித்து இயந்திரத்துக்குக் கொடுப்பாள். இறகு எந்த ஊர்த் தண்ணீரில் வளர்ந்தது என்று அது சொல்லிவிடும். எடை போடும்போது ஃபேன் கூடாது, தும்மக் கூடாது. பதினெட்டு வருடமாகப் பிடித்துவைத்த மூச்சையெல்லாம் வீட்டுக்கு வந்து மாமா மேல்தான் விடுகிறாள்.

அவர்கள் பின்தொடர்வது உலகத்தில் சில நூறே மிச்சமிருக்கும் ஒரு நீர்ப்பறவையை. எல்லைக்கு அப்பால் ஓர் ஏரியில் இறகு மாற்றிக்கொண்டு, குளிருக்கு இங்கே வரும். வலை போட்டுப் பிடிப்பவர்கள் ஆளுக்கொரு இடத்தில் இறகைப் பிடுங்குவது பொறுக்காமல் அக்கா ஒரு விதி எழுதினாள்: வாலில் இடப்பக்கம், வெளியிலிருந்து மூன்றாவது. இயக்குநர் அதை லேமினேட் செய்து சுவரில் மாட்டினார்.

போன வருடத்திலிருந்து ஒரு குளிருக்கு இரண்டு தடவை வலை போட்டார்கள். பறவை வந்ததும் ஒன்று, கிளம்பும் முன் ஒன்று. பாதி இறகுகளில் உள்ளூர்த் தண்ணீர். பாதிப் பறவைகள் எங்கேயும் போவதில்லை என்று இயக்குநர் கட்டுரை எழுதிக் கைதட்டல் வாங்கினார். அப்படியானால் அந்த ஏரிக்கு எதற்குப் பாதுகாப்பு, மண் போட்டு மூடலாம் என்று அப்பால் இருப்பவர்கள் கிளம்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அதற்குக் கையெழுத்து.

புதன்கிழமை அக்கா, இரண்டு தடவையும் பிடித்த பறவைகளின் கால் வளைய எண்களை ஒத்துப் பார்த்தாள். முகம் வெளிறி வீட்டுக்கு வந்தாள்.

"உனக்கு எதுக்கு வம்பு? அடுத்த மாசம் ப்ரமோஷன். ஏரி என்ன உங்க அப்பா வாங்கிப் போட்டதா?" என்றார் மாமா.

"அதுங்க போய் இறங்குறப்ப தண்ணி இருக்கணும்ல?"

மறுநாள் இயக்குநரிடம் போனாள். "சார், ரெண்டாவது தடவை மாட்டினதெல்லாம் முதல்ல மாட்டின அதே பறவைங்கதான். நாம பிடுங்கின எடத்துல இங்கேயே புதுசா முளைச்ச இறகத்தான் மறுபடி பிடுங்கியிருக்கோம்."

"அதே இறகையா? எந்த முட்டாள் அப்படிச் செய்யச் சொன்னது?"

அக்கா சுவரைக் காட்டினாள்.

கையெழுத்து நின்றது. ஏரி பிழைத்தது. ப்ரமோஷன் வேறு யாருக்கோ போனது. நிலையத்தின் நாற்பத்தொரு கட்டுரைகளில், நன்றி சொல்லும் வரியில்கூட வராத அக்காவின் பெயர், இயக்குநர் வெளியிட்ட திருத்தத்தில் இன்ஷியலோடு, ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. தவறுக்குக் காரணம் அவள்தானாம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. பெண்ணின் பெயரை நான் அச்சில் காட்டியதும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னடா எழுதியிருக்காங்க?"

"அக்காதான் ஏரியைக் காப்பாத்தினான்னு எழுதியிருக்காங்கம்மா."

அக்கா என்னை முறைத்தாள். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.