நடுவில் நிற்கும் தண்ணீர்

தெய்வானை அத்தை எதைக் கண்டாலும் கவிழ்த்துவிடுவாள். தேத்தண்ணிக் கோப்பை, வாளி, நாய்க்குச் சோறு வைக்கிற தட்டு, எல்லாம் அவள் கைபட்டால் குப்புறத்தான் கிடக்கும். ருவான்வெல்லைப் பக்கத்து எங்கள் தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம் இறப்பர் பால் வெட்டியவள். பாலை எடுத்ததும், அது வடிந்த தேங்காய்ச் சிரட்டையை மரத்தடியிலேயே கவிழ்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் நிற்கும், நுளம்பு, அதாவது கொசு, முட்டையிடும். ஒரு சிரட்டை நிமிர்ந்து கிடந்தாலும் கங்காணி இந்திரகுமார் மலையே கேட்கக் கத்துவார்.

ஒரு மழைநாளில் சறுக்கி விழுந்ததில் அவளுடைய வலது முழங்கால் போயிற்று. அதன்பிறகு சரிவில் ஏற முடியவில்லை. அந்த நேரம் பார்த்துத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவில் வீட்டு வேலைக்கு ஆள் தேடினார்கள், அவளுக்குக் கிடைத்தது. பங்களாவின் தரை சமதரை. அவளுக்கு வேண்டியிருந்ததும் அவ்வளவுதான்.

லயத்தில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், அவளுடைய ஒற்றையறைக் காம்பறாவுக்கு அடுத்தது எங்களுடையது. தோட்ட ஆபீசிலிருந்து தினமும் பங்களாவுக்குத் தபால் கொண்டுபோவது என் வேலை. அதனால் இதெல்லாம் என் கண்ணில் பட்டது.

துரையின் மனைவியை நோனா என்போம். அவர் கொழும்பிலிருந்து ஐந்து பூச்சட்டிகளைக் கொண்டுவந்து ஹால் ஜன்னலோரம் வைத்தார். புரோமீலியா என்றார். பார்த்தால் அன்னாசிச் செடி மாதிரி. இலைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து நடுவில் கிண்ணம்போலக் குழிந்திருக்கும். தண்ணீரை அந்தக் குழியில்தான் ஊற்ற வேண்டுமாம்.

முதல் நாளே அத்தை ஒரு சட்டியைச் சரித்து, குழியில் நின்ற தண்ணீரை ஜன்னலுக்கு வெளியே கொட்டினாள்.

"தெய்வானை! மொகத கரன்னே?" என்ன செய்கிறாய் என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு நோனா ஓடிவந்தார். பிறகு சிரித்துவிட்டார். இது இறப்பர் மரம் இல்லை, குழி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும், பூ வரும்வரை சட்டியை அசைக்கவே கூடாது என்றார். கடைசி வார்த்தையைச் சிரிக்காமல் சொன்னார்: இவை செத்தால் நீ மறுபடி மலைக்குத்தான்.

லயத்துப் பெண்களுக்கு ஒரு வாரத்துக்குப் பேச்சுக் கிடைத்தது.

"என்னடி தெய்வான, பங்களாவுல அன்னாசிக்கு ஆயா வேலையாமே?"

"ஆமாடி. ஒன் புருசன விட நல்லா சொன்ன பேச்சு கேக்குது."

பத்தாம் நாள் தபாலோடு போனபோது அத்தை என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். "தம்பி, இத கொஞ்சம் பாரு."

குழித் தண்ணீரில் ஆறேழு புழுக்கள் தலைகீழாகத் தொங்கித் துடித்தன.

அவளுக்கு அவற்றைத் தெரியும். போன வருஷம் அவள் மகள் தர்மிளா டெங்கில் செத்தாள். பத்தொன்பது வயது. காரியம் முடிந்த மறுநாள் சுகாதாரப் பரிசோதகர் லயத்துக்கு வந்தார். காம்பறாவின் பின்புறத்தில் ஒரு யோகட் கோப்பையைக் கண்டெடுத்தார். அதற்குள் கொஞ்சம் தண்ணீர். எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்து, "மே தமயி" என்றார். இதுதான் காரணம். இருபத்தெட்டு வருஷம் மலை மலையாகச் சிரட்டை கவிழ்த்தவள் அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நோனாகிட்ட சொல்லுங்க அத்த."

"சொல்லாம இருப்பேனா? ஜன்னலுக்கு வலை அடிச்சிருக்கு, கொசு வராதுன்னாங்க. வலைக்கு உள்ள நெளியுறது என்ன, மீன் குஞ்சா?"

அந்த வாரமே அதே பரிசோதகர் பங்களாவுக்கு வந்தார். துரையின் கையெழுத்துக்காக நான் கதவோரம் நின்றிருந்தேன். அத்தை தேத்தண்ணியை அவர் கையில் கொடுக்கவில்லை. ஜன்னலோரம், இரண்டு சட்டிகளுக்கு நடுவில் வைத்தாள். எடுக்க வேண்டுமென்றால் அவர் திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும். அவர் திரும்பினார். செடியைப் பார்த்தார். "லஸ்ஸனாய் நே" என்றார் நோனாவிடம். அழகாக இருக்கிறதாம். பிறகு சீனி கொஞ்சம் கேட்டார்.

மறுநாள் காலை அத்தை ஒரு மருந்துப் போத்தலை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். லயத்துச் சாக்கடைக் காணில் தண்ணீர் தேங்கினால் நாங்கள் மண்ணெண்ணெய்தான் ஊற்றுவோம். ஐந்து குழிகளிலும் நாலு நாலு சொட்டு விட்டாள். புழுக்கள் அடங்கின.

"சட்டிய அசைக்கல. தண்ணியும் கொறையல. நோனா சொன்னதும் ஆச்சு, நாம நெனச்சதும் ஆச்சு," என்று சிரித்தாள். தர்மிளா போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். செடி என்ன ஆகும் என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

தினமும் நாலு சொட்டு. இரண்டாம் வாரம் நோனா ஒரு நடு இலையைத் தொட்டார். அது கையோடு வந்துவிட்டது. அடி பழுப்பாக அழுகியிருந்தது. முகர்ந்து பார்த்தார். அடுத்தடுத்த சட்டிகளிலும் நடு இலை அப்படியே கழன்று வந்தது.

அத்தை ஒன்றையும் மறைக்கவில்லை. புழுவைச் சொன்னாள். மகளைச் சொன்னாள். நல்ல சிங்களத்தில், அழாமல் சொன்னாள்.

"அனே, பவ்," ஐயோ பாவம் என்றார் நோனா. அவர் கண்கூடக் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, திங்கட்கிழமையிலிருந்து மலைக்குப் போகச் சொன்னார்.

இப்போது ஜன்னலோரம் ஐந்து புதுச் சட்டிகள் இருக்கின்றன. குழி நிறையத் தண்ணீர்.

நேற்று தபால் பையோடு கீழ்ப்பாதையில் போய்க்கொண்டிருந்தேன். மழை தூறியது. அத்தை பால் வாளியோடு ஒரு கையால் மரம் மரமாகப் பிடித்துக்கொண்டு சரிவின் உச்சிவரை ஏறிவிட்டாள். அப்போது கங்காணியின் குரல் கேட்டது.

"தெய்வான! கீழ் வரிசையில ஒன்னு நிமிந்து கெடக்கு பாரு! பங்களாவுல படிச்ச பழக்கமா?"

அத்தை கீழ் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். வாளியை இறக்கி வைத்தாள். முழங்காலை மடக்க முடியாததால் உட்கார்ந்தவாக்கில், ஈரச் சருகின்மேல் சறுக்கிச் சறுக்கி, அந்த ஒரு சிரட்டைக்காகக் கீழே இறங்கினாள்.